பெயருள்ள பிரியாணி

அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், கோட்டை மலைகளுக்குப் போட்டியாகப் பிரியாணிப் பலகைகள் வரத் தொடங்கிவிடும். ஆம்பூர் பிரியாணி, திண்டுக்கல் பிரியாணி, ஹைதராபாத் தம் பிரியாணி. செஞ்சி பிரியாணி என்றொரு பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை.

வரலாற்றை வைத்துப் பார்த்தால் இது வியப்புத்தான். நாயக்கர்களிடமிருந்து 1649இல் செஞ்சி பிஜப்பூர் சுல்தானின் கைக்குப் போனது. 1677இல் சிவாஜி பிடித்தார். பிறகு முகலாயப் படை கோட்டைக்குக் கீழே எட்டு ஆண்டுகள் காத்துக் கிடந்து 1698இல் உள்ளே நுழைந்தது. ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று அதற்குப் பிறகும் வரிசை நீள்கிறது. தக்காணத்து அடுப்பு, மராட்டிய அடுப்பு, வடக்கத்தி அடுப்பு எல்லாம் புகைந்த ஊர். கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது பெரிய நெற்களஞ்சியம். எட்டாண்டு முற்றுகையில் அந்த நெல்லைக் குத்தியது யார், சோறாக்கியது யார் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் இராணுவ நிலவமைப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். இராணுவம் என்ற சொல்லுக்குள் சோறு எப்போதும் அடங்கியே இருக்கிறது. யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை.

செஞ்சிக் கதையில் எல்லோருக்கும் தெரிந்த பெண் ஒருத்தி உண்டு. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த ராஜா தேசிங்கின் மனைவி. அவள் உடன்கட்டை ஏறினாள்; அவள் நினைவாக நவாப் சாதத்துல்லா கான் ஓர் ஊரை உண்டாக்கினார்; அதுவே ராணிப்பேட்டை என்பார்கள். தேசிங்கு பாட்டில் அவருடைய குதிரைக்குக்கூடப் பெயர் நிலைத்திருக்கிறது. ஊரின் பெயரிலோ அவள் வெறும் ராணி. ஒரு பெண் எரிந்தால் ஊருக்குப் பெயராகலாம், ஆக்கிப் போட்டால் ஆக முடியாது என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். மாணவிகள் சிரித்தார்கள். சிரித்த பிறகு ஒருத்தி கேட்டாள்: “அப்ப பிரியாணிக்கு மட்டும் ஏன் மேடம் ஊர் பேரு?”

நல்ல கேள்வி. ஊர்ப்பெயர் சும்மா ஒட்டிக்கொள்வதில்லை. ஆம்பூர் என்றால் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, சீரகச் சம்பா, அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து இறைச்சி மசாலாவோடு சேர்த்து மேலே தணலிட்டுத் தம் போடுவது, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். திண்டுக்கல் என்றால் அதே சீரகச் சம்பாதான். ஆனால் இறைச்சித் துண்டுகள் சிறியவை, மிளகு முன்னால் நிற்கும், தயிரும் எலுமிச்சையும் புளிப்பைத் தரும். கடலைத் தாண்டி வந்த வணிகமும், நவாபின் படைகளும், தோல் பதனிடும் தொழிலும், ஆட்டுச் சந்தையும், உள்ளூர் நெல்லும் சேர்ந்துதான் ஒரு தேக்சாவில் வேகின்றன. கொல்கத்தாப் பிரியாணியின் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசும்போது, 1856இல் அரசிழந்து அங்கே போய்ச் சேர்ந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் கதையையும் சேர்த்தே சொல்வார்கள். ஒரு கவளத்துக்குள் இவ்வளவு பயணம் இருப்பது எனக்குப் பிடிக்கும். (சங்க இலக்கியத்தில் ஊன்சோறு வருகிறது, ஆகவே பிரியாணி நம்முடையதே என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டால் மட்டும் பசி போய்விடுகிறது. ஊன்சோறு வருவது உண்மை. அதை ஆக்கியவளின் பெயர் வராததைப் பற்றி அவர்கள் முழங்கியதே இல்லை.)

ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஆள்பெயர் வரும்போதுதான் கணக்கு தெரிகிறது. திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடையைத் தொடங்கினார். அவர் தலையில் கட்டியிருந்த துணி தலப்பாக்கட்டி என்ற பெயராயிற்று. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 1937இல் காரைக்குடியில் சுப்பா நாயுடு முதல் முனியாண்டி விலாஸைத் திறந்தார். மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியில் இன்றும் ஆண்டுதோறும் முனியாண்டி கோயிலில் பிரியாணியே பிரசாதம். விடிய விடிய வேகும், விடிந்ததும் ஊரே வாங்கித் தின்னும். இவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வறட்சியிலிருந்து பிழைக்கக் கிளம்பியவர்கள் ஒரு சாமியின் பெயரை நம்பி ஊர் ஊராகக் கடை போட்டார்கள் என்பது பெரிய கதை. ஆனாலும் பாருங்கள், ஒரு தலைப்பாகை வணிகச் சின்னமாக முடிகிறது. முந்தானை ஏன் ஆகவில்லை? சூடான பாத்திரத்தை அதிகம் பிடித்து இறக்கியது அதுதானே?

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பிரியாணி போடுகிறவர் பண்டாரி. அவர் சொன்னால்தான் தம் உடையும். அதற்கு முந்தைய நாள் இரவு நான்கைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பார்கள். பூண்டும் இஞ்சியும் தோல் நீக்குவார்கள். அரிசியில் கல் பார்ப்பார்கள். கூலியில் பண்டாரிக்கு ஒரு கணக்கு, அவர்களுக்கு வேறு கணக்கு. ஏன் பெண்கள் பண்டாரியாவதில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். தேக்சாவைத் தூக்கப் பலம் வேண்டுமே என்றார். அவரும் தனியாகத் தூக்குவதில்லை, இரண்டு பேர் கம்பு கொடுத்துத் தூக்குகிறார்கள். இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்த பெண்களின் ஊரில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார்.

வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே பலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிரியாணிக்குப் பக்ரீத் அன்று தெருவே காத்திருக்கும். செய்தவரை நாங்கள் எல்லோரும் ‘பாயம்மா’ என்போம். பாய்க்கு மனைவி, ஆகவே பாயம்மா. ரேஷன் அட்டையில் அவருக்கு அழகான உருதுப் பெயர் ஒன்று இருந்தது. அவர் கையால் செய்ததை நாங்கள் சொன்னதோ ‘பாய் வீட்டுப் பிரியாணி’ என்று. அளவு கேட்டால் சிரித்துக்கொண்டே கண்ணளவு என்பார். சாப்பிட்டவர்கள், “அது அவங்க கைப்பக்குவம்” என்பார்கள்.

இந்தக் கைப்பக்குவம் என்ற சொல்லோடு எனக்கு நீண்ட நாள் தகராறு. பாராட்டுப் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் அது அறிவைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் வைத்துவிடுகிறது. கிலோ அரிசிக்கு எத்தனை கரண்டி தயிர், மழைக்காலத்து விறகுக்கு எவ்வளவு நேரம் கூடுதல், பழைய அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும், கறி முற்றலா இளசா என்று தொட்டே சொல்வது: இவையெல்லாம் பல ஆண்டு சோதித்துச் சேர்த்த அறிவு. பண்டாரியிடம் இருந்தால் அது தொழில். பரம்பரை ரகசியம் என்று விலையும் ஏறும். பாயம்மாவிடம் இருந்தால் பக்குவம், பிறவி வரம், தாய்மை. வரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டை ஒவ்வொரு ஆண்டும் நடத்துகிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமானவள் விரலால் தயிரைப் பிசைகிறாள், அந்த விரலை ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது, தானே துழாவிச் சமைத்த குழம்பைக் கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. செவிலித்தாய் கண்டுவந்து நற்றாயிடம் சொல்லும் காட்சி. உரைகள் இதை இல்லறத்தின் இனிமை என்று விளக்கும். நானும் அந்த மலர்ச்சியைப் பொய் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் என் வகுப்பில் திருமணமாகிப் படிக்க வருகிற மாணவிகள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். அவள் சாப்பிட்டாளா? பாட்டு அதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. கழுவாத ஆடையையும் கண்ணில் புகையையும் கவனித்த செவிலி அவளுடைய இலையைக் கவனிக்கவில்லை. ஒரு சொல்லுக்காக, ஒரு வேளை முழுவதும். அந்தச் சொல் வராத வீடுகளும் உண்டு. உப்புக் குறைந்தால் மட்டும் வாய் திறக்கும் வீடுகள்.

எனவே பெயர் கொடுத்துவிட்டால் சரியாகுமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். சமையலை அறிவு என்று கொண்டாடத் தொடங்கினால், அந்த அறிவைச் சுமந்தபடி அடுப்படியிலேயே இருங்கள் என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். அன்னையர் தினப் பட்டிமன்றங்களைப் பார்த்தாலே தெரியும். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இந்தப் பொறியைத்தான் காட்டியது: தனக்கு அதிகாரம் தருவதாக ஒரு பெண் நம்பும் இடமே அவளைக் குறுக்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடிக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை முடிந்து போகும் வழியில் ஒரு பொட்டலம் பிரியாணி வாங்கிக்கொண்டு போகிறவளுக்கு அன்றிரவு இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த இரண்டு மணி நேரத்தைத் தந்தது ஏதோ ஓர் ஆணின் பெயர் போட்ட கடை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அந்தக் கடையின் பின்கட்டில் வெங்காயம் உரிப்பவள் யார் என்பதையுந்தான்.

பெயரைப் பற்றிய பேச்சில் இன்னொன்றும் உண்டு. இதை விட்டால் நான் சொன்னதெல்லாம் பாதிதான். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஊரின் பெருமையைக் கொண்டாட ஏற்பாடு. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு வந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இந்த விலக்கலை ஏன் பாகுபாடாகக் கொள்ளக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. ஆம்பூரில் தலித் மக்களும் முஸ்லிம்களும் அன்றாடம் தின்னும் சோறு, ஆம்பூரின் பெயரில் நடக்கும் விழாவில் நுழைய முடியவில்லை. ஊர்ப்பெயர் என்பது ஊரில் யாருடைய பெயர் என்ற கேள்வியை நான் அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

என் மாணவி ஒருத்தி விடுதியில் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே மூன்று மாதம் இருந்தாள். ஞாயிறு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா கட்டித் தரும் பிரியாணியை வழியிலேயே, பேருந்து நிலையத்தில், நின்றுகொண்டே தின்றுவிடுவாளாம். “மட்டன்னு பொய் சொல்லிடுடின்னு அம்மா சொல்லுது மேடம். பொய் சொன்னா தொண்டையில எறங்க மாட்டேங்குது” என்றாள். இரண்டு மணி நேரம் அடுப்பு முன் நின்றவள் தன் சமையலுக்கு வேறொரு பெயரைச் சொல்லச் சொல்கிறாள். பாயம்மாவின் பெயர் தெருவுக்குத் தேவைப்படவில்லை. இவளுடைய அம்மாவுக்கோ, பெயர் தெரிந்தாலே ஆபத்து. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘பெண்களின் சமையல்’ என்று நிறுக்க என்னால் முடியாது. பெயரில்லாமை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல.

சென்ற பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் செய்யும் பிரியாணியோ, அதுபோன்ற ஏதாவது ஒரு விருந்துச் சோறோ, அதன் செய்முறையை எழுதி வர வேண்டும். யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்று போக முடிந்த தூரம் போக வேண்டும். எல்லோருக்கும் பெயர் போட வேண்டும். பலரால் பாட்டி வரை போக முடிந்தது. பாட்டியின் அம்மாவுக்குப் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்த மாணவி எழுதி வந்தது நான்கு பக்கம். கறியை எந்தப் பக்கம் வெட்டுவது, கொழுப்பை எப்போது சேர்ப்பது, அரிசி எங்கே வாங்குவது, எல்லாம் இருந்தது. எந்தக் கறி என்பதும் இருந்தது. மேலே அம்மாவின் பெயரையும் எழுதி, பிறகு பேனாவால் அடித்திருந்தாள்.

யார் அடித்தது என்று கேட்டேன். அம்மாதான் என்றாள். பெயரெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை யாராவது ஆக்கிப் போட்டால் போதும் என்று சொன்னாராம். அதனால் அடுத்த ஞாயிறு அவளும் தம்பியும் சேர்ந்து செய்தார்களாம். தம்பி வெங்காயம் உரித்தான். சோறு அடி பிடித்துவிட்டது. அம்மா அடியைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போக, இவள் அந்தத் தட்டைப் பிடுங்கித் தம்பிக்கு வைத்தாளாம்.