ஞாயிற்றுக்கிழமைக் குழாய்கள்

வாரம் முழுக்கப் பனியன் கம்பெனி வேலை. துணி ரோல் தள்ளும் டிராலி, கட்டிங் டேபிளுக்குக் கால், அயர்னிங் டேபிளுக்கு ஸ்டாண்டு. எல்லாம் கனத்த பைப். வெட்டு கொஞ்சம் கோணினாலும் வெல்டிங் ராடு உருகி இடைவெளியை நிரப்பிவிடும், மேலே பெயிண்ட் அடித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் ஊரின் சத்தம் இறங்குகிறது. ஞாயிறு சைக்கிள் பிரேமுக்கு.

*

பிரேமுக்கு எடுக்கும் குழாய் வேறு ரகம். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. நடுவில் 0.6 மி.மீ. கனம், இரண்டு முனையிலும் 0.9. விரலால் சுண்டினால் மணிபோல ஒலிக்கிறது. மிதிக்கிறவரின் பாரமும் பள்ளத்தின் அடியும் கடைசியில் மூட்டில்தான் வந்து இறங்கும், ஆகவே அங்கே மட்டும் கனம் போதும். பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் என்பவர் 1897-இல் இப்படி முனையில் கனம் கூட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வெளிப்பக்கம் தடவிப் பார்த்தால் ஒரே அளவுதான், மாற்றமெல்லாம் உள்ளே.

*

இந்த மெல்லிசில் இடைவெளி விட்டால் நெருப்பு மன்னிக்காது. ஓட்டை விழும். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வளைவில் வெளிச்சம் புகாமல் உட்கார வேண்டும். அதற்கு முனையை மீன்வாய் மாதிரி வெட்டுகிறோம். கோட்டைக் கண்ணால் போட முடியாது. தாளில் வரைந்து குழாயைச் சுற்றி ஒட்டி, ஓரத்தைக் குறித்து, ரம்பத்தால் அறுத்து, அரை வட்ட அரத்தால் ராவ வேண்டும்.

பக்கத்து யூனிட்டில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர் டீ குடிக்க வருவார். மேசையில் விரித்துக் கிடந்த தாளைப் பார்த்தவர் கையிலெடுத்துத் திருப்பினார்.

"ஏனப்பா, இது கை பேட்டன்தானே?"

"இல்லீங்கண்ணா, பைப்புக்குங்க."

"பைப்பும் கையும் ஒண்ணுதான் போ."

அன்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைக் கையும் ஒரு குழாய், உடம்பும் ஒரு குழாய். ஒன்று இன்னொன்றில் சாய்ந்து சேர்கிற இடத்தைத் தட்டையாக விரித்தால் நேர்கோடு வராது, மேடும் பள்ளமுமாக அலை வரும். கைக்கு ஒரு மேடு. குழாயைச் சுற்றிவந்தால் இரண்டு. சாய்கோணம் கூடினால் ஒன்று உயர்ந்து மற்றது தாழும். துணி இழுத்தால் கொடுக்கும், அதனால் கட்டிங் மாஸ்டர் இரண்டு நூல் பிசகினாலும் டெய்லர் சமாளித்துக்கொள்வார். எஃகு கொடுக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஊருக்குக் குழாய் புதிதும் அல்ல. வட்டப் பின்னல் மெஷினிலிருந்து துணி இறங்குவதே குழாயாகத்தான். உடம்பு அளவுக்கேற்ற விட்டமுள்ள மெஷினில் ஓட்டிய பனியனுக்குப் பக்கத்தில் தையலே இருக்காது. எஃகுக் குழாய்களில் பலவோ பட்டைத் தகட்டைச் சுருட்டி, நீளவாக்கில் பற்றவைத்துச் செய்தவை. அந்த விஷயத்தில் பனியன் ஒரு படி மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

அம்பத்தூரில் முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1955-இல் ஆவடியில் குழாய் ஆலையும் வந்தது. நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளில் வெல்டிங் தழும்பைத் தேடினால் கிடைக்காது. சாக்கெட்டுக்குள் குழாயைச் செருகி, பித்தளையை உருக்கி ஓடவிட்டுச் சேர்த்தவை அவை. எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும், பித்தளைக்கு 900-ஐ ஒட்டிய சூடு போதும். குழாய் உருகாமலே ஒட்டிக்கொள்ளும். 1935-இல் வந்த புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் 531 குழாயையும் இப்படித்தான் சேர்த்தார்கள்; நேரடி வெல்டிங்கின் சூட்டில் அதன் பலம் குறைந்துவிடும்.

பித்தளை என்றதும் அனுப்பர்பாளையம் நினைவுக்கு வராமல் இருக்குமா? திருப்பூர் என்றால் பனியன் மட்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பாத்திரப் பட்டறைத் தெருக்களில் ஒரு நடை போய்வர வேண்டும்.

*

ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவது இங்கே என் ஆர்கானைத் தூக்கிக்கொண்டு போகிறது. டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் முனை உருகாது, அதற்கு 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய எஃகைக் காற்றுப் படாமல் காப்பது ஆர்கான் வாயு. சிறு காற்றடித்தால்கூட ஒட்டுக்குள் துளித்துளியாகக் குமிழ் விழுந்துவிடும். ஆகவே ஷட்டரை இறக்கி, ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். வியர்வை முகமூடிக்குள் வழியும், துடைக்கக் கை இருக்காது. ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, காலுக்கடியில் பெடல். இங்கே பவர்டேபிள் டெய்லரும் காலால்தான் வேகத்தைப் பிடிக்கிறார்.

*

ஒரே மூச்சில் சுற்றி ஒட்டக் கூடாது. முதலில் நாலு பக்கமும் புள்ளி. பிறகு எதிரெதிராகச் சிறு சிறு துண்டு. ஒட்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பை எதிர்ப்பக்க இழுப்பு சரிக்கட்ட வேண்டும். நடுவில் காத்திருப்பதுதான் வேலையில் பாதி. பொறுமையில்லாத நாளில் நான் டிராலி வெல்டிங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேர் பார்ப்பதற்கு நூல் போதும். பின்சக்கர அச்சு உட்காரும் ஒரு காதிலிருந்து தொடங்கி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறு காதில் கட்டு. நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அள. சமமாக இருந்தால் பிரேம் கோணவில்லை. கம்ப்யூட்டர் வைத்த ஜிக்குகள் வந்த பிறகும் இந்தச் சோதனையைக் கைவிடாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எனக்கு நூல் எதிர் கம்பெனியின் வேஸ்ட் மூட்டையிலிருந்து வருகிறது.

*

அடுத்தது லேடீஸ் பிரேம். செக்கிங் வேலைக்கு சைக்கிளில் வரும் அக்கா கேட்டது. சேலையோடு ஏற வேண்டும், பின்னால் கேரியரில் குழந்தை. மேல் பாரை எடுத்துவிட்டால் முக்கோணம் போய்விடும், பிரேம் முறுகும். முன்தலையிலிருந்து மெல்லிய குழாய் இரண்டைத் தாழ்வாக இறக்கி, சீட்டுக் குழாயின் இரு பக்கமும் தொட்டபடி பின் அச்சு வரை கொண்டுபோகலாம். பிரெஞ்சுக்காரர்கள் பழகிய வடிவம் அது. முறுக்கு குறையும், ஆனால் மீன்வாய் வெட்டு கூடும். முன்தலையில் இரண்டு குழாயும் நெருங்கி வருமிடத்தில் அலைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. தாளில் இன்னும் சரியாக விழவில்லை. மாஸ்டர் அண்ணன் டீக்கு வந்தால் காட்டிக் கேட்க வேண்டும்.