நம்பியின் மண்பூக்கள்

(திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் ஆற்றிய உரை)

ஜடாயுவுக்கு ராமன் தன் கையால் ஈமக்கடன் செய்த தலம் இது. தகப்பனாருக்குச் செய்யக் கிடைக்காததை ஒரு பறவைக்குச் செய்தான். யாதவப்பிரகாசரிடம் இளையாழ்வார், அதாவது ராமாநுஜர், வேதாந்தம் படித்த ஊரும் இதுதான். அந்த இளையாழ்வார் எம்பெருமானாராகி, பின்னாளில் திருக்கோளூருக்கு எழுந்தருளினார். ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு பெண்பிள்ளை எதிரே வந்தாள். எல்லாரும் வந்து சேரும் ஊரை விட்டு நீ ஏனம்மா போகிறாய் என்று கேட்டார். இங்கே இருக்க எனக்கு என்ன யோக்கியதை, இன்னார் செய்ததை நான் செய்தேனா என்று 81 வாக்கியங்களை அடுக்கிவிட்டாள்.

அந்த வரிசையில் உயிரைக் கொடுத்த நம் ஜடாயு இருக்கிறார். அதே வரிசையில் ஒரு குயவரும் இருக்கிறார். பேர் குரவ நம்பி. குறும்பறுத்த நம்பி என்றும் சொல்வார்கள். அவர் உயிரையா கொடுத்தார்? மண்ணைக் கொடுத்தார்.

நாள் முழுக்கச் சக்கரத்தோடு வேலை. திருமலை ஏறிச் சேவிக்கப் பொழுது ஏது? வீட்டிலேயே பெருமாளை எழுந்தருளப்பண்ணி வைத்திருந்தார். பானையை வனைந்து, அடியில் நூலை ஓட்டி அறுத்து இறக்கினால் விரலிடுக்கில் கொஞ்சம் மண் மிஞ்சும். நாமாக இருந்தால் கழுவிவிடுவோம். அவர் அதைக் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் ஒற்றி, இதழ் இதழாகச் சேர்த்துப் பூவாக்கித் திருவடியில் இடுவார். வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை, கவனியுங்கள்.

மலைமேலே தொண்டைமான் சக்கரவர்த்தி பொன்பூவால் அர்ச்சிக்கிறான். மறுநாள் வந்து பார்த்தால் பொன்பூ ஒதுங்கிக் கிடக்கிறது, மேலே மண்பூ! திகைத்துப் போனான். கடைசியில் பெருமாளே கனவில் வந்து சொல்ல, குயவர் வீட்டைத் தேடிப் போனான்.

ஏழையின் எளிய பூவைப் பெருமாள் மனமிரங்கி ஏற்றார் என்று கதையை முடிப்பது வழக்கம். அடியேனுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எளிய பூவா அது? பொன்பூவைச் செய்தவர் ஒரு தட்டார். அரசன் கஜானாவைத் திறந்தான், அவ்வளவுதான். எவ்வளவு ஈரம் இருந்தால் இதழ் வெடிக்காது, எந்தக் களிமண்ணுக்கு எவ்வளவு மணல் சேர்க்கவேண்டும் என்று ஆயுள் முழுக்கப் பழகிய கை அந்த மண்பூவில் இருக்கிறது. பெருமாள் இரங்கி ஏற்கவில்லை, ரசித்து ஏற்றார். இன்றைக்கும் திருமலையில் தயிர்சாதம் மண்சட்டி ஓட்டில்தான் அமுதாகிறது. தங்கத் தட்டுக்கு அங்கே பஞ்சமா?

அந்தப் பெண்பிள்ளை சொன்ன பட்டியலில் ததிபாண்டனும் உண்டு. கண்ணனை மறைத்து வைத்த தயிர்த் தாழிக்கும் சேர்த்து மோட்சம் கேட்டு வாங்கியவன். தாழிக்கே மோட்சம் கிடைத்தது. அதை வனைந்தவர் யாரென்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

கார்த்திகைக்கு அகல் வாங்கப் போவீர்கள். பட்டுப் புடவைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் குயவரிடம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்காதீர்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். அவர் பேரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.