எட்டணாவுக்குச் சீரகம்

எழுபது, எண்பதுகளில் அண்ணாச்சி கடைக்குப் போனவர்கள் கிராம் கணக்கில் கேட்டதில்லை. “எட்டணாவுக்குச் சீரகம், ஒரு ரூபாய்க்கு நல்லெண்ணெய்” என்று கையிலிருக்கும் காசைச் சொல்வார்கள். அதற்கு எவ்வளவு வரும் என்பது அண்ணாச்சியின் கைக்குத் தெரியும். 1957-இல் நயா பைசா வந்தது, பிறகு வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது. எட்டணா மட்டும் வாயை விட்டுப் போக வெகுகாலம் ஆயிற்று.

அந்தக் கை வேலை செய்வதை வேடிக்கை பார்த்தே பொழுதைப் போக்கலாம். செய்தித்தாள் துண்டைக் கூம்பாகச் சுருட்டி, அடிமுனையை ஒரு திருகு திருகி, சீரகத்தைக் கொட்டி, வாயை உள்ளே மடக்குவார். தலைக்கு மேல் தொங்கும் உருண்டையிலிருந்து சணலை இழுத்து இரண்டு சுற்று. விரலில் சுற்றிச் சுண்டினால் நூல் அறுந்துவிடும், கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. எண்ணெய்க்குப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். புனலில் கடைசிச் சொட்டு இறங்கும்வரை பிள்ளைகள் நகர மாட்டார்கள். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். உப்பு மூட்டை மட்டும் ராத்திரியிலும் கடைக்கு வெளியே கிடக்கும். உப்பை யார் திருடுவார்?

எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. மிளகில் பப்பாளி விதை கலந்தவர்களும் இருந்தார்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் 2018-இல் வந்த விதிகள் செய்தித்தாளில் தின்பண்டம் கட்டுவதைத் தடுத்தன, நல்லதுதான். ஆனால் அன்றாடம் கூலி வாங்குகிறவர் அன்றைய குழம்புக்கு வேண்டியதை மட்டும் வாங்க அந்தக் கடையில் வழி இருந்தது. கால் கிலோவுக்குக் குறையாத பாக்கெட் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். வசதியுள்ளவர் வாங்குவதைக் கூலிக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்று ஷாம்பூவைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார். இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் சரஞ்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் எட்டணாச் சீரகத்தின் வாரிசுகள்தான்.

வாரிசுக்குத் தாத்தாவின் தந்திரமும் வந்திருக்கிறது. அன்று விலை ஏறினால் எட்டணா அப்படியே இருக்கும், சீரகம் குறையும். ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் அதைத்தான் செய்கிறது. அண்ணாச்சியிடம் “என்ன அண்ணாச்சி, இவ்வளவுதானா?” என்று கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு சிட்டிகை போடுவார். காசே இல்லாத நாளில் நீள நோட்டை எடுத்துப் பற்று எழுதுவார். பிஸ்கட் பாக்கெட்டின் முதுகிலும் புகாருக்கு ஒரு போன் நம்பர் இருக்கிறது. இரண்டு பிஸ்கட் குறைகிறது என்று அதற்கு யார் போன் போடப் போகிறார்கள்!