கயிற்றின் மறுமுனையில்

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளித்தல் ஓய்ந்தது. ஆயினும் அதன் முறையை நம் கடலோர மக்கள் மறந்துவிடவில்லை. கல்லின் கனத்தால் ஆழம் சென்றவர், மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைப்பார். தோணியில் காத்திருப்பவர் உடனே மேலே இழுப்பார். அவர் பிழைப்புக்காக இறங்கினார். நாமோ பாவத்தில் விரும்பியே இறங்குகிறோம். எனினும் மீளும் வழி ஒன்றே. நம் வலிமையால் நாம் மேலேறுவதில்லை. கயிற்றை அசைப்பதே மனமாற்றம். இழுத்துக் கரைசேர்ப்பவர் இறைவன்.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் ஊதாரி மைந்தன், தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளுமாறு கேட்க எண்ணியே வருகிறான். தந்தையோ, அச்சொல் அவன் வாயில் பிறக்குமுன்னரே முதல்தரமான ஆடையைக் கொண்டுவரப் பணிக்கிறார். மன்னிப்பது அவருக்குச் சுமையன்று, பெருமகிழ்ச்சி. அம்மகிழ்ச்சியில் பங்குகொள்ள மறுத்து வெளியே நின்றவன் மூத்த மகன். அவன் உள்ளே சென்றானா என்பதை இயேசு சொல்லவில்லை. விடையை நம்மிடமே விட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 5-ஆம் நாள் பனிமய அன்னையின் திருவிழா. அதனையொட்டிப் பல்லாண்டுகள் கழித்து ஒப்புரவு அருட்சாதனம் பெற வந்து நிற்பவரைக் கண்டு, "இத்தனை நாள் எங்கிருந்தார்?" என்று நாம் முணுமுணுப்பதில்லையா? அவர் நமக்கே தீங்கிழைத்தவராகவும் இருக்கலாம். அத்தீங்குக்கு ஈடுசெய்வது அவர் கடமை. திருப்பலியில் நம் அருகே அவருக்கு இடமளிப்பது நம் கடமை. இறைவன் மகிழ்ந்து இழுக்கும் கயிற்றை நாம் அறுக்கலாகாது.