வாயிலில் நிற்கும் தாய்

சிலம்பேந்திய கையளாய்க் கண்ணகி நின்றது பாண்டியன் அரண்மனை வாயிலில். தலைவிரி கோலம், கண்ணிலே நீர், நெஞ்சிலே நெருப்பு! வாயிற்காவலன் அஞ்சினான், ஆயினும் உள்ளே ஓடிச் செய்தி சொன்னான். 'வரச்சொல்' என்றான் மன்னவன். வழக்கிலே பிழை செய்தான் பாண்டியன். அப்பிழைக்கு உயிரையே விலையாகத் தந்தான். ஆனால் வாயிலை அடைத்தான் என்ற பழி மட்டும் அவன்மீது இல்லை. முறையிட வந்தவள் உள்ளே நுழைய முடிந்தது.

அதே மதுரை மாநகரில், வேறொரு வாயிலில், வேறொரு பெண் நின்றதை அண்மையில் கண்டேன்.

நகரப் பேருந்து நிறுத்தம் ஒன்று. உச்சிவெயில். நிழலற்ற இடம். சிறு தள்ளுவண்டி ஒன்றின் பின்னே தாயொருத்தி நின்றிருந்தாள். வண்டியில் எட்டு வயது மதிக்கத்தக்க சிறுவன். பிறவியிலேயே கால்கள் துவண்டவன். கழுத்தும் உறுதியாக நிற்கவில்லை. கைக்குழந்தைக்கென்று செய்யப்பட்ட வண்டி அது. எவரோ பயன்படுத்திவிட்டுத் தந்ததாக இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தில் கந்தல்துணி சுற்றியிருந்தது. மகனின் முழங்கால்கள் வண்டிக்கு வெளியே மடங்கிக் கிடந்தன. மருத்துவமனைக்குப் பயிற்சிக்காகப் போகிறவள் என்பது கையிலிருந்த சீட்டைக் கண்டதும் விளங்கிற்று.

பேருந்து வந்தது. குறுகிய வாசல், செங்குத்தான படிகள். மகனைத் தூக்கினால் வண்டி நிற்கும். வண்டியைத் தூக்கினால் மகன் கிடப்பான். தயங்கி நின்றாள்.

"வண்டிய எங்கம்மா வைக்கிறது? கூட்டத்தப் பாரு. அடுத்த பஸ்ல வாம்மா" என்றார் நடத்துநர்.

"அடுத்த பஸ்லயும் இதத்தானய்யா சொல்லுவாங்க" என்றாள் அவள்.

ஊதல் ஒலித்தது. பேருந்து நகர்ந்தது. அவளுக்கும் எனக்கும் மிஞ்சியது புழுதி!

அந்த நடத்துநர் கொடியவரா? அல்லர். குரலிலே கடுமையில்லை, 'அம்மா' என்றுதான் அழைத்தார். உள்ளே அமர்ந்திருந்தோர் கல்நெஞ்சரா? அதுவும் இல்லை, இருவர் எட்டிப் பார்த்து 'பாவம்' என்றனர். கெட்டவர் எவரும் இல்லை. ஆயினும் கேடு நடந்துவிட்டது! தோழர்களே, நாம் ஆராய வேண்டிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது. கெடுமதியாளன் ஒருவன்கூட இல்லாத இடத்தில் அநீதி நடக்குமானால், அந்த அநீதி குடியிருப்பது எங்கே?

படிக்கட்டிலே குடியிருக்கிறது!

ஆம். சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம். கைகால் திடமான, கையிலே சுமையில்லாத ஆண்மகன் ஒருவனை மனத்தில் நிறுத்தி அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதே சட்டையைக் கருவுற்றவளும் அணிய வேண்டும், முதியவரும் அணிய வேண்டும், கால் இழந்தவரும் அணிய வேண்டும் என்கிறோம். பொருந்தாவிடில், குறை சட்டையில் இல்லையாம், உடலில் இருக்கிறதாம்! 'பொது'ப் பேருந்து என்று பெயர் எழுதியிருக்கிறோமே, அந்தப் 'பொது'வில் அடங்கியோர் எவர், அடங்காதோர் எவர் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்தோமா?

"தாயிற் சிறந்த தெய்வமுண்டோ?" என்று பேசும் நாடு இது. பெண் தெய்வத்தின் பெயரால் புகழ்பெற்ற நகரம் இது. அம்மனுக்குத் தேர் உண்டு. தேரை இழுக்க வடம் உண்டு. வடம் பிடிக்க ஆயிரமாயிரம் கைகள் உண்டு. உலோகத்தாலான தாய் வீதியுலா வரச் சக்கரம் பூட்டத் தெரிந்த நமக்கு, எலும்பும் தோலுமான தாய் தன் பிள்ளையை வைத்துத் தள்ளிவரும் நான்கு சிறு சக்கரங்களுக்கு வழிவிடத் தெரியவில்லை. வணங்குவது எளிது, வழிவிடுவது கடினம். ஒருவேளை, வழிவிடாத குற்றத்தை மறைக்கத்தான் வணக்கத்தைக் கண்டுபிடித்தோமோ!

"தள்ளுவண்டியெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம். நம் பாட்டிமார் இடுப்பிலே இடுக்கிக்கொண்டு பத்துக் காதம் நடக்கவில்லையா?" என்பர் சிலர்.

நடந்தார்கள். வேறு வழியில்லை, நடந்தார்கள்! ஓராண்டுக் குழந்தையின் எடை ஏறத்தாழ 9 கிலோ. ஈராண்டு நிறையும்போது 12 கிலோவை நெருங்கும். அந்த எடையை இடுப்பெலும்பிலே ஏற்றி ஏற்றி, முதுகு வளைந்து, முப்பதிலே மூப்பெய்திய பாட்டிமாரின் வேதனையை எவர் கேட்டார்? பாட்டி சுமந்தாள் என்பதற்காகப் பேத்தியும் சுமக்க வேண்டும் என்றால், பாட்டி படிக்கவில்லை என்பதற்காகப் பேத்தியின் பள்ளியையும் பூட்டிவிடலாமே! 'முன்னோர் செய்தனர்' என்பது வரலாறு. 'ஆகவே நீயும் செய்' என்பது வாதமாகாது.

இன்னொரு கூட்டத்தார் சற்று நயமாகப் பேசுவர்: "வண்டி வாங்க வசதியுள்ளவர் ஆட்டோவிலும் காரிலும் போவார், ஏழைத்தாய்க்கு ஏது வண்டி?" என்று. அலங்காநல்லூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் குழந்தையோடு நகருக்கு வரும் தாயர் பெரும்பாலோரிடம் வண்டி இல்லை என்பது மெய்தான். ஆனால் காரணத்தை விளைவாகவும், விளைவைக் காரணமாகவும் மாற்றிப் பேசுகிறார்கள். ஏற்ற முடியாத வண்டியை எவள் வாங்குவாள்? பாலமில்லாத ஆற்றைக் காட்டி, 'பார், இந்த வழியே வண்டிகள் போவதில்லை. ஆகவே பாலம் வேண்டாம்' என்பது எவ்வகை அறிவு?

வண்டியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1733ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்னும் கலைஞர் செய்தளித்தது, விலங்கு இழுக்கும் விளையாட்டுத் தேர். கோமான் வீட்டு ஆடம்பரமாகப் பிறந்த பொருள் அது. 1965இல் ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர் குடைபோல் மடங்கும் வண்டியை வடித்தார். போர்விமானத்தின் சக்கர அமைப்பை வகுத்த அனுபவம் உடையவர் அவர். தம் பேரக்குழந்தையின் வண்டி தூக்கமாட்டாத சுமையாக இருப்பதைக் கண்டார். அலுமினியக் குழாய்களைக் கொண்டு, மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் புதியதொன்றைச் செய்தார். கொல்லும் விமானத்துக்குப் பயன்பட்ட அறிவு, குழந்தையைச் சுமக்கும் தாயின் கைக்கு ஓய்வு தந்தது. 'தலைவிதி' என்று அவர் முடங்கியிருந்தால் மடங்கும் வண்டி ஏது?

'நம் மக்களிடம் இரக்கம் இருக்கிறதே, அது போதாதா?' என்று கேட்பாரும் உளர். இக்கேள்வியை எள்ளி நகையாட என் மனம் ஒப்பவில்லை. ஏனெனில் அந்த இரக்கம் உண்மையானது. நெரிசல் மிகுந்த பேருந்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி தடுமாறினால், "பிள்ளைய இங்க குடும்மா" என்று ஒரு குரல் எழும். முன்பின் அறியாதவள் மடியிலே குழந்தை உறங்கும். இறங்கும் இடம் வந்ததும் கைமாறித் தாயிடம் சேரும். உலகின் பல நாடுகளில் காணக்கிடைக்காத பண்பு இது. இதைப் பெற்ற நாம் பெருமைப்படலாம்.

ஆனால் தோழர்களே, சற்றே உற்றுப் பாருங்கள். வெள்ளைச் சட்டையும் விபூதிக்கீற்றும் அணிந்த குழந்தைக்கு நீளும் கைகள், தெருக்கூட்டும் தாயின் அழுக்குச் சட்டைக் குழந்தைக்கும் அதே விரைவில் நீள்கின்றனவா? வாயில் எச்சில் வழிய, தலை துவண்டு கிடக்கும் எட்டு வயதுச் சிறுவனுக்கு எந்த மடி காத்திருக்கிறது? இரக்கம் நல்லது, ஆனால் அது ஆளைப் பார்க்கும், ஆடையைப் பார்க்கும், சில வேளை சாதியையும் பார்க்கும். உரிமைக்குக் கண் கிடையாது. அதுவே உரிமையின் சிறப்பு.

இந்தப் பாடத்தைப் பேருந்தே நமக்கு முன்னொருமுறை கற்றுத்தந்திருக்கிறது. மதுரைக்கு அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930ஐ ஒட்டிய காலத்தில், தனியார் பேருந்துகளில் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தனர். காசு கொடுத்தாலும் இடமில்லை! அம்மாவட்டக் கழகத்தின் தலைவராயிருந்தவர், 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார். 'மனம் மாறுக' என்று பேருந்து முதலாளிகளுக்கு அவர் உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. ஏற்ற மறுக்கும் வண்டியின் உரிமம் பறிக்கப்படும் என்றார். ஏறினார்கள் மக்கள்! மனம் மாறுமட்டும் மழையிலும் வெயிலிலும் நில்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருந்தால், இன்னும் எத்தனை தலைமுறை சாலையோரம் நின்றிருக்குமோ!

அன்று வாயிலை மறித்தது சாதி. இன்று மறிப்பது மூன்றடி உயரம். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. சாதியின் தடையிலே இழிவு இருந்தது; இதிலே மறதி இருக்கிறது. ஆனால் வெளியே நிற்பவருக்கு விளைவு ஒன்றுதான்: வண்டி போய்விட்டது!

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். இடம் ஒன்று, தேவையுடையோர் இருவர். என் செய்வது?

இங்கிலாந்தில் இது வழக்காகவே வந்தது. 2012 பிப்ரவரியில், சக்கர நாற்காலியில் இயங்கும் டக் பாலி என்பவர் வெதர்பியிலிருந்து லீட்சு நகர் செல்லப் பேருந்துக்கு வந்தார். சக்கர நாற்காலிக்குரிய இடத்தில் ஒரு தாய், உறங்கும் குழந்தையைத் தள்ளுவண்டியோடு வைத்திருந்தாள். நகருமாறு ஓட்டுநர் கேட்டார். வண்டி மடங்காது என்று மறுத்தாள். பாலி இறங்க நேர்ந்தது. ஐந்தாண்டு வழக்காடியபின், 2017 சனவரி 18ஆம் நாள், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேண்டிக்கொள்வதோடு நின்றுவிடுவது போதாது, காரணமின்றி மறுப்பவரை நகரச்செய்ய ஓட்டுநர் மேலும் முயல வேண்டும் என்று.

நீதி எது? தாயும் தேவையுடையவள், அவரும் தேவையுடையவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குழந்தையை மடியிலே ஏந்தலாம்; வண்டியை மடக்கலாம்; துன்பமேயாயினும் இயலும். சக்கர நாற்காலியை விட்டு எழ அவரால் இயலாது. மாற்றிக்கொள்ள வல்லவர், மாற்றிக்கொள்ள மாட்டாதவர்க்கு வழிவிட வேண்டும், அதுவே அறம். மேலும், அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது எவர்? உடல் ஊனமுற்றோர் ஆண்டுக்கணக்கில் வீதியிலே இறங்கிப் போராடினர். 2000ஆம் ஆண்டு விதிகள் பிறந்தன. அவர்கள் திறந்த கதவின் வழியேதான் தள்ளுவண்டித் தாயும் உள்ளே வந்தாள். ஒடுக்கப்பட்டோரில் கடைசியில் நிற்பவனுக்குக் கதவைத் திற. அவனுக்கு முன்னே நிற்போர் அனைவரும் தாமே நுழைவர்!

என் நெஞ்சை அறுக்கும் செய்தி மற்றொன்றுண்டு. மதுரையிலே நான் கண்ட அந்தச் சிறுவனுக்கு, தள்ளுவண்டிதான் சக்கர நாற்காலி! இங்கிலாந்திலே வாதியும் பிரதிவாதியுமாக நின்ற இரு தேவைகள், இங்கே ஒரே துருப்பிடித்த வண்டியில் ஒன்றாய் உட்கார்ந்திருக்கின்றன. அந்நாட்டார் உள்ளே இருக்கும் இடம் எவருக்கு என்று வழக்காடினர். நாமோ இன்னும் வாயிலிலேயே நிற்கிறோம்.

வழி இல்லையா? உண்டு. 1972இல் தமிழகம் பேருந்துகளை நாட்டுடைமையாக்கியபோது, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. முதலாளியின் வண்டி மக்களின் வண்டியாயிற்று. 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற ஆணை வந்தது. 2022இல், ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை என்றாயிற்று. காசு என்னும் தடை அகன்றது, மகிழ்கிறோம். படி என்னும் தடை அகல வேண்டாமா? கட்டணமில்லாப் பேருந்தில் காலெடுத்து வைக்க இயலாதவளுக்கு, அந்தச் சலுகை எட்டாக் கனியல்லவா?

தளம் ஒன்றேகால் அடி உயரமே உள்ள தாழ்தளப் பேருந்துகள் 2024 முதல் சென்னையில் ஓடத் தொடங்கின. மதுரைக்கும் கோவைக்கும் அவ்வகை வண்டிகள் ஒதுக்கப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றத்தின் படியேறிப் பல்லாண்டு போராடிய பின்னரே கனிந்த கனி இது. அந்தப் பேருந்து நிறுத்தத்திலே நிற்கும்போது, ஏறுவோர் பக்கமாகச் சற்றே சாய்ந்து தாழ்கிறது. எண்ணிப் பாருங்கள் அந்தக் காட்சியை! கல்லின்முன் மனிதன் மண்டியிட்ட காலம் போய், மனிதனுக்காக இரும்பு மண்டியிடுகிறது. பகுத்தறிவின் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் பேருந்து மட்டும் தாழ்ந்தால் போதாது. நிறுத்தத்தில் மேடை ஒழுங்காக இருத்தல் வேண்டும். மேடையைக் கடைகளும் இருசக்கர வண்டிகளும் விழுங்காதிருத்தல் வேண்டும். ஓட்டுநர் மேடையோரம் அணைத்து நிறுத்துதல் வேண்டும். குழந்தையின் வண்டி சுமைக்கூலிக்குரிய மூட்டை அன்று. அது குழந்தையின் கால் என்று விதி எழுதுதல் வேண்டும். மல்லிகைக் கூடைக்கும் வாழைத்தாருக்கும் மூலையிலே இடம் கண்ட நமக்கு, இதற்கு இடம் காண அறிவு பஞ்சமாகிவிடாது.

இளைஞனே! மாநாட்டுக்குச் சென்று திரும்பும்போது நீயும் பேருந்தில்தான் வருகிறாய். அடுத்த நிறுத்தத்தில் ஒரு தாய் நின்றால், 'பாவம்' என்று சொல்லாதே, இறங்கு. ஒரு பக்கம் நீ பிடி, வண்டி ஏறட்டும். இன்றைய கடமை அது. ஊர் திரும்பியதும், அந்தத் தடத்திற்குத் தாழ்தளப் பேருந்து கேட்டு மனு எழுது, ஊரார் கையெழுத்தைத் திரட்டு, கிடைக்கும்வரை கேள். நாளைய கடமை அது. முன்னதை மட்டும் செய்தால் நீ நல்லவன்; பின்னதையும் செய்தால், நல்லவன் ஒருவன் வரமாட்டானா என்று எவளும் காத்துநிற்க வேண்டாத நாள் வரும்.

பாண்டியன் வாயிலிலே காவலன் இருந்தான். செய்தி உள்ளே போயிற்று. பாண்டியன் பெயர் தாங்கி ஓடிய பேருந்தின் வாயிலிலே இன்று காவலன் எவனுமில்லை. மூன்று படிகள் மட்டும் இருக்கின்றன. படிகளுக்குக் காதில்லை. அவள் குரலை உள்ளே கொண்டுபோக வேண்டியவர்கள் நாம்தான்.