துக்கத்துக்கு எல்லை உண்டா?

போரில் மாண்டவர்களுக்காக அழுவது பெண்களின் வேலை என்று பல சமூகங்கள் விதித்திருக்கின்றன. போர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்காதவர்கள்கூட ஒப்பாரியில் பெண்களுக்கு முதலிடம் தந்தார்கள். அதனாலேயே பெண்களின் துக்கம் அரசியலுக்கு அப்பாற்பட்டது, தூய்மையானது என்றொரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பெண்ணியம் பேசும் நாமும் அதை எளிதில் நம்பிவிடுகிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வரலாறு இந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது.

1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறந்தார்கள். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளவே தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின. மிசிசிப்பி மாநிலத்தின் பிரிவினைப் பிரகடனம் அதை ஒளிக்காமல் சொல்கிறது. தெற்கு தோற்றது. ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் விடுதலை பெற்றார்கள்.

போர் முடிந்ததும் வடக்குப் படையினரின் உடல்களைத் தேடியெடுத்துத் தேசியக் கல்லறைகளில் அடக்கம் செய்தது அரசு. தோற்றவர்களின் உடல்களைத் தேட அரசு முன்வரவில்லை. அந்தப் பொறுப்பைத் தெற்கின் வெள்ளைப் பெண்கள் ஏற்றார்கள். ஊர்தோறும் சங்கம் வைத்துப் பணம் சேர்த்தார்கள். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் புதையுண்டிருந்த ஏறத்தாழ 3,000 பேரின் எலும்புகள் 1870களின் தொடக்கத்தில் ரிச்மண்ட் நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துசேர்ந்தது அப்படித்தான். எந்தக் கொடியின் கீழ் செத்தாலும் தாய்க்கு அவன் மகன். அவனுக்கு ஒரு குழியும் ஒரு கல்லும் கேட்பதை எந்த அறமும் மறுக்க முடியாது.

ஆனால் துக்கம் அங்கே நிற்கவில்லை. தெற்கு மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்புக்கு 'கான்ஃபெடரசி' என்று பெயர். 'கான்ஃபெடரசியின் ஐக்கியப் புதல்வியர்' என்ற அமைப்பு 1894இல் உருவானது. இந்தப் பெண்கள் நீதிமன்ற வாசல்களிலும் ஊர்ச் சதுக்கங்களிலும் சிலைகள் நிறுத்தினார்கள், பாடநூல்களையும் கண்காணித்தார்கள். அமைப்பின் வரலாற்றாளராக இருந்த மில்ட்ரெட் ரூதர்ஃபோர்டு 1919இல் ஒரு கையேடு எழுதினார். அடிமைகளை வைத்துக்கொள்ளவே தெற்கு போரிட்டது என்று சொல்லும் நூல்களை நிராகரிக்க வேண்டும் என்பது அதன் அறிவுரைகளில் ஒன்று. இதே ரூதர்ஃபோர்டு பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றும் வாதாடியவர்.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் 1914இல் இந்த அமைப்பு நிறுவிய வெண்கல நினைவுச் சின்னத்தில் ஓர் உருவம் உண்டு. போருக்குப் புறப்படும் வெள்ளை அதிகாரி ஒருவர் தம் குழந்தையை ஒரு கறுப்பின அடிமைப் பெண்ணின் கையில் ஒப்படைக்கிறார். விசுவாசமான செவிலித்தாயாக அவள் நிற்கிறாள். அவளுக்கும் குழந்தைகள் இருந்திருக்கலாம், விற்கப்பட்டும் இருக்கலாம். அந்தத் தாயின் துக்கத்துக்கு அங்கே இடமில்லை. தன்னை விலங்கிட்டவர்களுக்காக அவள் வெண்கலத்தில் என்றென்றைக்கும் வருந்திக்கொண்டிருக்க வேண்டும்.

இத்தகைய 'மாமி'களுக்கு வாஷிங்டனில் தனியாகவே ஒரு சின்னம் எழுப்ப இந்த அமைப்பு முயன்றது. 1923இல் செனட் சபை ஒப்புதலும் தந்துவிட்டது. கறுப்பினப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். தான் பெற்ற பிள்ளையைக் காக்கவே உரிமையற்றிருந்தவளை எந்த மனத்தோடு கொண்டாடுகிறீர்கள் என்ற பொருளில் எழுதினார் மேரி சர்ச் டெரல். அந்தச் சின்னம் எழவில்லை.

கறுப்பினப் பெண்களுக்குப் போரில் வேறு வரலாறும் இருந்தது. அடிமையாகப் பிறந்து தப்பிய ஹாரியட் டப்மன் 1863 ஜூனில் கம்பாஹீ ஆற்றில் வடக்குப் படைக்கு வழிகாட்டினார். 700க்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் மீட்கப்பட்டார்கள். ஆனால் ஓய்வூதியத்துக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. முதலில் கிடைத்தது, படைவீரரின் விதவை என்ற வகையில் மாதம் 8 டாலர். 1899இல் அது 20 டாலரானபோது செவிலிப் பணி கணக்கில் வந்தது, உளவுப் பணி வரவில்லை. 1913இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு, ஆர்லிங்டன் சின்னம் திறக்கப்பட்ட அதே 1914இல், அவர் வாழ்ந்த ஆபர்ன் ஊரில் அவருக்கு ஒரு வெண்கலப் பலகை வைத்தார்கள். போராடியவளுக்குச் சிற்றூரில் ஒரு பலகை. பணிந்து நிற்பதாகக் கற்பிக்கப்பட்டவளுக்குத் தலைநகரின் வாசலில் இடம்.

துக்கத்துக்கு எல்லை உண்டா என்றால், உண்டு என்பேன். இறந்தவனைப் புதைக்கவும் அழவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவன் எதற்காகக் கொன்றான் என்பதை மறைக்கும்போது துக்கம் பொய்யாகிறது. அவனால் துயருற்றவளையே அவனுக்காக அழவைக்கும்போது அது வன்முறையாகிறது. பெண்கள் செய்தார்கள் என்பதால் அந்த வன்முறை மென்மையாகிவிடாது. தாய்மையின் பெயரால் செய்தார்கள் என்பதால் கூடுதலாகவே கேள்வி கேட்க வேண்டும்.

ஆர்லிங்டன் சின்னம் 2023 டிசம்பரில் அகற்றப்பட்டது. அதை மீண்டும் நிறுவப்போவதாக 2025இல் அமெரிக்க அரசு அறிவித்தது. ஆகவே இது முடிந்துபோன கதையல்ல. எந்த நாட்டின் போர் நினைவுச் சின்னத்தின் முன் நின்றாலும், யாருக்காக அழச் சொல்கிறார்கள் என்பதோடு யாரை அழவிடாமல் நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.