நீர்வண்ண மலரும் நியதிவாதமும்

திருவனந்தபுரத்து அருங்காட்சியகத் தோட்டத்தினுள் 1935-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஸ்ரீசித்திரா ஓவியக்கூடத்தை நம் அன்பர் பலர் கண்டிருக்கலாம். நம் நாட்டு ஓவியங்களோடு சீன, ஜப்பானிய ஓவியங்களும் அங்கு இடம்பெற்றன. கோட்டால் வரம்பு கட்டாது, நீர் தோய்ந்த நிறத்தாலேயே மலரைத் தோற்றுவிக்கும் முறையொன்று சீனரிடம் உண்டு. 'எலும்பற்ற' முறை என்பர். இன்று நம் பிள்ளைகள் விரும்பித் தீட்டும் நெகிழ்ந்த நீர்வண்ணப் பூ இதற்கு உறவானதே.

இதற்கும் தருமத்துக்கும் என்ன தொடர்பு எனலாம். புதிதாகத் திரிசரணம் புகுந்தோர் நம்மிடம் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. "எல்லாம் அநித்தியம், பற்றை விடு என்கிறீர்கள். விதித்தபடி நடக்கும், அடங்கிக் கிட என்றுதான் எங்கள் முன்னோருக்கும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதானே?"

எள்ளி விலக்கத்தக்க கேள்வியன்று இது. அதே திருவனந்தபுரத்தில் 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவரும் வரை ஒரு சாரார் கோயிற்கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டமைக்கு முன்வினை என்றும் விதி என்றும் நியாயம் கூறினார் உண்டு.

செம்பருத்தி ஒன்றைத் தீட்டிப் பார்ப்போம். தாளைத் தெளிந்த நீரால் நனைத்து, செந்நிறம் தோய்ந்த தூரிகையால் தொட்டால் நிறம் தானே பரவும். இதழின் ஓரம் கரையும். நீர் தன் இச்சைப்படி ஓடுகிறதென்பர் பழகாதவர். அப்படியன்று. ஈரம் மிகுந்தால் நிறம் அகன்று வெளிறும். மினுக்கம் அடங்கிய பதத்தில் தொட்டால் சற்றே விரிந்து நிற்கும். பாதி காய்ந்த நிறத்தின்மேல் நீர்த்துளி வீழ்ந்தால் காலிபிளவர்போல் ஓரம் சுருண்டு கறை கட்டும். இடவப்பாதி மழையில் திருவனந்தபுரத்துத் தாள் காய நெடுநேரமாகும். மதுரை வெயிலில் அப்பதம் கண்மூடித் திறக்குமுன் தப்பிவிடும். யாவும் சார்பில் தோன்றுவன.

வெண்மை வேண்டுமிடத்தில் சாயம் இடுவதில்லை; தாளையே தொடாது விடுகிறோம். எண்ணெய் பட்ட தாளிலோ நிறம் ஒட்டாது. அழுக்கேறிய ஆடை சாயத்தை நன்கு ஏற்காதென்று வத்தூபம சுத்தத்தில் பகவான் உள்ளத்துக்குச் சொன்ன உவமை ஈண்டு நினைவுக்கு வரும்.

மணிமேகலை வஞ்சி நகரில் கேட்ட சமயக்கொள்கைகளுள் ஆசீவகமும் ஒன்று. அந்நெறியின் ஆசான் மற்கலி கோசாலர், எறிந்த நூலுருண்டை நூல் தீருமட்டும் அவிழ்ந்தோடுவதுபோல உயிர்களும் பிறந்துழன்றே முடிவெய்தும், முயற்சியால் ஆவதொன்றில்லை என்றார். பகவான் அக்கொள்கையை, குளிரில் குளிர்ந்தும் வெயிலில் சுட்டும் நாறும் மயிர்க்கம்பளத்துக்கு ஒப்பிட்டார். பிறர் கொள்கைகளைப் பற்றி அவர் இத்துணைக் கடுமையாகப் பேசுவது அரிது. 1924-இல் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காக நின்றோரும் நூலுருண்டை தானே அவிழட்டும் என்றிருந்தாரல்லர்.

தூரிகை பிடித்தவர் நீரை ஏசுவதுமில்லை, நீருக்கு அடங்குவதுமில்லை. நனைக்கும் அளவும், தொடும் வேளையும், தாளைச் சாய்க்கும் பக்கமும் அவர் கையிலுள்ளன. பரவிய நிறத்தை மனம் பொறாது மீண்டும் மீண்டும் தடவினால்தான் பூ சேறாகும். பற்றை விடுதல் என்று நாம் சொல்வது அம்மறுதடவலை விடுதலையே. தூரிகையைக் கீழே போடுதலை அன்று.

வரும் உபோசத நாளில் பிள்ளைகள் ஆளுக்கொரு பூத் தீட்டிக் கொணரட்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தாளைத் தொடாமல் மட்டும் தாய்மார் பார்த்துக்கொள்க.